இரண்டு கட்டிச் சர்க்கரை

தம்ரூட் இருந்த தூக்குச் சட்டியை உள்ளே எடுத்துப் போகக் கூடாது என்று ஓட்டல் வாசலில் நின்றவன் சொன்னபோதே ஜான் பீக்கு மனசு சுருங்கிவிட்டது. வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டிருந்த அவன் மரியாதையாகத்தான் சொன்னான். கன்னடத்தில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம், இவர்கள் முழிப்பதைப் பார்த்துக் கடைசியில் தமிழில். வெளிப் பண்டம் உள்ளே வரக் கூடாதாம். முந்தின நாள் பகல் முழுக்க அடுப்படியில் வெந்து, ரவையும் முட்டையும் நெய்யுமாகக் கிளறி, மூடி மேல் கங்கு போட்டுச் சிவக்க விட்டு எடுத்தது. நாத்தனாருக்கு அதென்றால் உயிர். பென்னாகரத்தில் ஏறி, தர்மபுரியில் பஸ் மாறி, பெங்களூர் வரைக்கும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்ததை, யாரோ விட்டுப் போன குடைக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. "போறப்ப எடுத்துக்கலாம், வா," என்றார் புருசன் அப்துல் சுபான். அவருக்கு அன்றைக்கு எதுவுமே குறையாகப் படுவதாக இல்லை.

சுபானுக்குப் பென்னாகரத்தில் புளி மண்டி. மாசி பங்குனியில் காட்டோரத்து ஊர்களிலிருந்து வண்டி வண்டியாகப் புளி வந்து இறங்கும். ஓடு நீக்கி, கொட்டை தட்டி, நார் எடுத்து, பாயில் சுருட்டி லாரியில் ஏற்றினால் பாதிக்கு மேல் பெங்களூருக்குத்தான் போகும். அந்தப் பெங்களூரில்தான் அவருடைய ஒரே அக்கா ரஹ்மத் பீ இருந்தாள். அவள் கட்டிக்கொண்டு போன காலத்தில் புருசன் உசேன் ஒரு லாரிப் பட்டறையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு லாரிக்குப் பாடி கட்டுகிற பெரிய ஷெட்டுக்கு முதலாளி. மகன் அன்வர் என்ஜினியருக்குப் படித்து முடித்திருந்தான். சுபானுக்கு மகள் வஹிதா பிறந்தபோது பார்க்க வந்த ரஹ்மத் பீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "இது என் அன்வருக்கு. வேற எவனாச்சும் கேட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடு தம்பி," என்றாள். பிள்ளை பெற்ற வீட்டில் எந்த அத்தைக்காரியும் சொல்கிற பேச்சுத்தான். சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள். சுபான் மறக்கவில்லை. மகளுக்குப் பத்தொன்பது வயசாகும்வரை அந்தப் பேச்சைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

பாலக்கோட்டு ஜவுளிக் கடை காஜா சாயபு தன் மகனுக்கு வஹிதாவைக் கேட்டு இரண்டு தரம் ஆள் விட்டும், பாக்கலாம் பாக்கலாம் என்று இவர்கள் இழுத்தடித்தது அதனால்தான். நல்ல இடம் அது. பையன் துணி மூட்டையோடு பென்னாகரம் சந்தைக்கு வருவான். தலையைக் குனிந்துகொண்டு வியாபாரம் பார்த்துவிட்டுப் போவான். "பாலக்கோடே போதும்மா எனக்கு," என்று வஹிதா ஒருநாள் அரிசி களைகிற சாக்கில் நிமிராமல் சொன்னாள். ஜான் பீ காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். புளித்தூசியில் கண் எரிய எரியக் காலம் தள்ளியவளுக்கு, மகள் காரில் ஏறி உட்காருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கத்தானே செய்யும்.

ரஹ்மத் பீயிடமிருந்து சேதி கொண்டுவந்தவன் மண்டிக்கு லோடு ஓட்டும் டிரைவர் சவுரியப்பன். "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் டீ சாப்புட வரச் சொன்னாங்க சாயபு. வூட்டுக்கு இல்லீங்க, ஓட்டலுக்கு. வூட்ல பெயிண்ட் அடிக்கறாங்களாம், ஒக்கார எடமில்லையாம்," என்று சொல்லி, வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல் ஒன்றின் பேரையும் வழியையும் சொன்னான். சுபானுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ராசா மாருங்க போற எடத்துல வெச்சுப் பேசப் போறா எங்க அக்கா," என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜான் பீக்கு மட்டும் ஒரு முள் தைத்தது. "கூடப் பொறந்தவர வூட்டுக்குக் கூப்புடாம ஓட்டலுக்கு ஏங்க கூப்புடறாங்க?" என்று கேட்டாள். அதற்கு அவர் பெயிண்டைத்தான் திரும்பச் சொன்னார். அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டவர்களிடம் சம்பந்த விஷயத்தில் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வதாக இருந்தால் கடையடியில் வைத்தோ பள்ளிவாசல் சந்தில் வைத்தோதான் சொல்வார்கள். ஓட்டல் யாருடைய வீடும் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை விழுங்கிவிட்டு, வஹிதாவின் ரோஜாக் கலர் புடவைக்கு இஸ்திரி போடக் கொடுத்தாள்.

தோட்டத்தைப் பார்த்த தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகளும் வெள்ளைத் துணி விரித்த மேசைகளும் போட்டிருந்தார்கள். மேலே மின்விசிறி ஆடி அசைந்து சுற்றியது. அங்கங்கே நாலைந்து துரைசானிகளும், துரை மாதிரியே உட்கார்ந்திருந்த நம் ஊர் ஆட்களும் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தார்கள். ரஹ்மத் பீ நைலெக்ஸ் புடவையில், தலையில் முக்காடு இல்லாமல், மூக்குக் கண்ணாடியோடு எழுந்து நின்றாள். பக்கத்தில் அன்வர். தம்பியைப் பார்த்து மலர்ந்த முகம், அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டிக்குள் நின்ற வஹிதாவைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றுபோயிற்று. "வஹிதாவும் வந்திருக்குதா," என்றாள். கேள்வியும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மகளை யாரும் வரச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் ஜான் பீக்குத் தெரிந்தது. புருசன்தான் தன் கையிலிருந்து சேர்த்துக்கொண்டு, "எல்லாரையும் வரச் சொன்னாங்க," என்று சொல்லியிருக்கிறார். அன்வர் சலாம் சொல்லிவிட்டு நாற்காலியைச் சற்றே தோட்டத்துப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

சுபான் சும்மா இருக்கவில்லை. அந்த வருசத்துப் புளி விளைச்சல், பஸ்ஸில் வந்த கூட்டம், உசேன் மச்சானின் மூட்டு வலி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். நாலு மேசை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ரஹ்மத் பீ பதில் சொல்லிக்கொண்டே மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, "தம்பி, ஒண்ணு பேசணும்னுதான் கூப்புட்டேன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது," என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து, விசிறி மடிப்புத் தலைப்பாகை வைத்த ஒருவன் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து குறுக்கே நின்றான்.

அவன் இறக்கி வைத்ததைப் பார்த்தால் ஒரு கடையே வைக்கலாம். மூன்று அடுக்குத் தட்டு. கீழே ஓரம் வெட்டின ரொட்டித் துண்டுக்குள் வெள்ளரிக்காய், நடுவில் என்ன கறி என்று தெரியாத ஒரு பண்டம், மேலே விரல் நீளத்துக்குக் கேக்கு. நடு அடுக்கை யாரும் தொட வேண்டாம் என்று சுபான் கண்ணைக் காட்டினார். டீ கெட்டிலுக்கு ஒரு துணிக் குல்லா. தண்ணீர் தனி, பால் தனி, சர்க்கரை தனி. இத்தனை சம்பளக்காரர்கள் இருக்கிற ஓட்டலில் டீயை டீயாகப் போட்டுக் கொண்டுவர ஓர் ஆள் இல்லையா என்று ஜான் பீ நினைத்துக்கொண்டாள். சர்க்கரையும் நாம் பார்த்த சர்க்கரையாக இல்லை. சதுரம் சதுரமாகக் கட்டி, பீங்கான் கிண்ணத்தில் அடுக்கி, எடுப்பதற்கு வெள்ளியில் குட்டி இடுக்கி. குல்லாயை எடுத்துவிட்டு ரஹ்மத் பீ கோப்பைகளில் டீயை ஊற்றினாள். அவளுக்கு அது பழகிய வேலை. முதல் கோப்பையை வஹிதா பக்கம் நகர்த்தி, இடுக்கியைக் கையில் எடுத்து, "ஒனக்கு எத்தனை, ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள். "ரெண்டு இருக்கட்டும். நம்ம வூட்டுப் புள்ள," என்று சொல்லி, ரஹ்மத் பீ இரண்டு கட்டிகளை அந்தக் கோப்பையில் போட்டாள்.

பென்னாகரத்தில் சம்பந்தம் முடிகிற விதம் இதுதான். மாப்பிள்ளையின் தாய் பெண் வீட்டுக்கு வந்து, பேசி முடித்து, ஒரு சிட்டிகைச் சர்க்கரையைப் பெண்ணின் வாயில் போட்டு, நம்ம வூட்டுப் புள்ள என்று சொல்ல வேண்டும். ஃபாத்திஹா ஓதி, தெருவுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு வாக்கு மாறியவர்கள் கிடையாது. மாறினால் அந்தப் பெண்ணை வேறு எவரும் கேட்டு வர மாட்டார்கள். சுபான் அந்தக் கோப்பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "அல்ஹம்துலில்லாஹ்," என்று சத்தமாகச் சொல்லி, வெள்ளைத் துணி விரித்த அந்த மேசை முன்னால், அத்தனை துரைசானிகளுக்கும் நடுவில், இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இடுக்கி ரஹ்மத் பீயின் கையில் அந்தரத்தில் நின்றது. தலைப்பாகைக்காரன் ஓர் எட்டுப் பின்னால் போனான். துஆ ஓதும்போது தலையைத் திறந்து போட்டிருக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து பழகிய ரஹ்மத் பீயின் கை, அவளைக் கேட்காமலே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. அன்வர் காது மடல் சிவக்கத் தோட்டத்தையே பார்த்தான். துஆ முடிந்து சுபான் முகத்தைத் தடவிக்கொண்டதும், ரஹ்மத் பீ ஒன்றும் நடக்காத மாதிரி அன்வர் கோப்பையில் ஒரு கட்டி போட்டாள். தம்பி கோப்பையில் இரண்டு. ஜான் பீ கோப்பையில் இரண்டு. தனக்கு ஒன்று. போட்டு முடித்துக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தவள், நேராக ஜான் பீயின் கண்ணைப் பார்த்தாள். ஜான் பீயும் பார்த்தாள். தலைப்பாகைக்காரன் வந்து பாதியில் நின்றுபோன பேச்சு இருந்ததே, அதன் மீதி என்ன என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஜான் பீக்கு அதைப் படிக்க யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு ரொட்டி தின்றார்கள். ஷெட்டைப் பற்றிக் கேட்டதற்கு அன்வர் பதில் சொன்னான். சுபான் டீயைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடித்து, "டீன்னா இது டீ," என்றார். வஹிதாவின் கோப்பை அப்படியே ஆறிக் கிடந்தது. வாசலில் வந்து ஜான் பீ தூக்குச் சட்டியை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள். ரஹ்மத் பீ அங்கேயே மூடியைத் திறந்து முகர்ந்தாள். "ஒன் கைமணம் அப்பிடியே இருக்குது ஜான்," என்றாள். இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று ஜான் பீ நின்றாள். அவள் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சுபான் முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம் சம்பந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஓசூர் தாண்டியதும் வஹிதா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, மாமி எல்லாருக்குந்தானே போட்டாங்க. அத்தா மட்டும் ஏதோ நெனச்சுக்கிட்டாரு. நீயாச்சும் எடுத்துச் சொல்லும்மா."

"நீ சும்மா இரு."

"அவங்களுக்கு இஷ்டமில்லம்மா. மொகத்துலயே தெரிஞ்சுது."

"சும்மா இருன்னு சொன்னேன்ல."

ஜான் பீக்கு உடம்பு முழுக்க ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல வந்தவள் சொல்லாமல் போய்விட்டாள். சொல்லாத வரைக்கும் அது இல்லை ஆகிவிடாது. தலையில் முந்தானை போட்டுக்கொண்டாளே, துஆவுக்குக் குனிந்தாளே, அதற்கு ஓட்டல் முழுக்கச் சாட்சி இருக்கிறதே. ஊரைக் கூட்டிச் சர்க்கரை கொடுத்துவிட்டால், பென்னாகரமும் தர்மபுரியும் பாலக்கோடும் அறிந்துவிட்டால், அந்த வெட்கத்துக்காவது கட்டிக்கொண்டு போக மாட்டாளா? கூடப் பிறந்த தம்பியை நாலு பேர் முன்னால் தலைகுனிய விடுவாளா? கிருஷ்ணகிரியில் பஸ் நின்று, சுபான் இறங்கி வந்து, "ஏதாச்சும் சாப்புடறீங்களா?" என்று ஜன்னலண்டை கேட்டார். அப்போது அவள் சொன்னாள்: "ஊருக்குப் போனதும் தள்ளிப் போடாம சக்கரை குடுத்துடலாங்க."

ரேஷனில் சர்க்கரையை அளந்து போடுகிற காலம். எங்கெங்கோ பிடித்து ஒரு மூட்டை கொண்டுவந்தார் சுபான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு ஃபாத்திஹா ஓதினார்கள். பள்ளிவாசல் தெரு, கடைத்தெரு, சந்தைப் பேட்டை என்று வீடு தவறாமல் பொட்டலம் போயிற்று. மண்டியில் புளி தட்டுகிற பெண்களுக்கு இரட்டைப் பொட்டலம். "பாப்பாவுக்குப் பெங்களூரு மாப்புள்ள. இனிமே எங்கள எல்லாம் எங்க கண்ணு தெரியப் போவுது," என்று சென்னம்மாள் வஹிதாவின் கன்னத்தைத் தடவினாள். குள்ளம்மாள் அங்கேயே பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, புளி ஒட்டின விரலோடு நெட்டி முறித்தாள். பாலக்கோட்டுக்கு ஆள் போய், பெண்ணுக்கு இடம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தது. காஜா சாயபு சங்கடப்படாமல் கேட்டுக்கொண்டாராம். நல்லா இருக்கட்டும் என்றாராம். அவர் மகனுக்கு அந்த மாசமே அரூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். சேதி வந்த அன்று வஹிதா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் ரொம்ப நேரம் துவைத்தாள்.

நோன்புப் பெருநாள் வந்தது. சர்க்கரை போட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெருநாள் புடவை வர வேண்டும். வரவில்லை. "பெங்களூருக்காரங்க, இதெல்லாம் மறந்து போயிருப்பாங்க," என்றார் சுபான். தெருவில் நாலு பேர் கேட்டதற்கு, தானே தர்மபுரிக்குப் போய் ஒரு பட்டுப் புடவை வாங்கி வந்து, அக்கா கொடுத்தனுப்பியது என்று சொன்னார். ஜான் பீ அதை மகளுக்குக் கட்டிவிட்டாள். மடிப்பை விரலால் நீவிவிடும்போது மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மண்டிக்குப் பின்கட்டில்தான் வீடு. ஒருநாள் பகலில் லாரிச் சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு வழக்கமாகக் கேட்கும் சவுரியப்பன் குரல் கேட்காமல் இருக்கவே ஜான் பீ கதவுத் திரையை விலக்கிப் பார்த்தாள். அவன் தலைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுபானுக்கு முன்னால் நின்றான். பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தான். "அக்கா வூட்டு வழியா வந்தேங்க. பந்தல் போட்டு சீரியல் லைட்டு கட்டியிருந்தாங்க. நேத்திக்கி நிக்கா ஆயிருச்சாம். பொண்ணு மைசூருங்களாம். ஷெட்டு ஆளு எனக்கும் லட்டு குடுத்தாரு," என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குத் திங்க மனசு வரலீங்க சாயபு," என்றான்.

புளி தட்டிக்கொண்டிருந்த கற்கள் ஒன்றொன்றாக நின்றன. சுபான் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத் தட்டில் எடைக்கல் ஒன்றும் இல்லாததால் பொட்டலம் இருந்த தட்டு கீழே இறங்கி நின்றது. "தெரியும்பா. எங்களுக்கும் சொன்னாங்க. லோடு இருந்துச்சு, போவ முடியல," என்றார். நம்பும்படியாக ஒரு சிரிப்பும் சிரித்தார். யாரும் நம்பவில்லை. சென்னம்மாள் முதலில் கல்லைக் கையில் எடுத்தாள்; பிறகு மற்றவர்களும் தட்டத் தொடங்கினார்கள். சர்க்கரை வாங்கித் தின்ற வாய்கள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பேசின. அத்தைக்காரியே வேண்டாமென்று விட்டாளென்றால் பெண்ணிடத்தில் ஏதோ இருக்கிறது என்று பேசின.

அதிலிருந்து சுபான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கேட்பார், தொழுதுவிட்டு வந்தால் கேட்பார். "நீயும் பாத்தியல்ல ஜானு? மொதல்ல நம்ம புள்ளைக்குத்தானே போட்டா? நம்ம வூட்டுப் புள்ளன்னு சொன்னாளா இல்லியா?"

"சொன்னாங்க. பாத்தேங்க," என்பாள் ஜான் பீ.

அது ஒன்றுதான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. அக்கா வாக்கு மாறிவிட்டாள் என்றால் தப்பு அக்காவுடையது. தான் பார்த்ததே தப்பு என்று ஆகிவிட்டால், பாலக்கோட்டைத் திருப்பி அனுப்பியது யார், மகளைத் தெருவாய்க்குத் தூக்கிக் கொடுத்தது யார் என்று அவர் தன்னைத்தானே கேட்க வேண்டிவரும். அவர் கேட்டுக்கொண்டால் அடுத்து அவளைக் கேட்பார். அதனால் அவள் பாத்தேன் பாத்தேன் என்று பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தரமும் வஹிதா அங்கே எங்காவது இருப்பாள். வீடு கூட்டிக்கொண்டோ, விளக்குத் துடைத்துக்கொண்டோ. ஒருதரம்கூட அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று ஜான் பீக்கு இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ரஹ்மத் பீயின் கார் மண்டி வாசலில் வந்து நின்றது. அதை முனையிலேயே பார்த்துவிட்ட சுபான் குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். ரஹ்மத் பீ தனியாகத்தான் வந்திருந்தாள். கையில் அந்தத் தூக்குச் சட்டி. பாயில் உட்கார்ந்து, அதை ஜான் பீ பக்கம் நகர்த்தி வைத்தாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது. ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ போட்டுத்தான் தருவார்கள். ஜான் பீ மூடியைத் திறந்து பார்த்தாள். கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அவளும்தான் என்னத்தைப் போடுவாள்.

"தம்பி என்னைப் பாக்க மாட்டான்னு தெரியும்," என்றாள் ரஹ்மத் பீ. "நான் டீக்குத்தான் போட்டேன் ஜான். எல்லாருக்கும் போட்டேன்."

"பாத்தேங்க்கா."

"நீ பாத்தேன்னு எனக்கும் தெரியும். அன்னிக்கு ஒன் மூஞ்சிய நான் பாத்தேனே. அவன் கையேந்தி ஒக்காந்துட்டான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒனக்குத் தெரிஞ்சு போச்சு. ஊருக்குப் போனதும் நீ பதமா எடுத்துச் சொல்லிடுவேன்னு நெனச்சுத்தான் நான் வாய மூடிக்கிட்டேன்."

"நீங்கதானே சொல்லியிருக்கணும்."

"கூடப் பொறந்தவன் அழுதுக்கிட்டு துஆ கேக்கறான். அவன்கிட்ட எப்பிடிடி சொல்லுவேன்?"

ஜான் பீ சட்டியின் மூடியை மூடினாள், திறந்தாள், மூடினாள். இத்தனை மாசமாக யாரிடமும் சொல்லாதது, சொல்லவே கூடாத ஆளிடம் வந்து நின்றது. "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நான் ஊருக்கெல்லாம் சக்கரை குடுக்கச் சொன்னேன். குடுத்துட்டா அப்பறம் நீங்க மாத்த மாட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்த வஹிதா ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று ஜான் பீக்குத் தெரியவில்லை. ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் தான் அடக்கிய மகளின் வாய் இப்போது திறந்தால் என்ன சொல்லும் என்று பயந்து உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டவ் திரும்ப இரைந்தது. கொஞ்ச நேரத்தில் வஹிதா தட்டத்தோடு வந்தாள். மூன்று தம்ளர் டீ. நடுவில் சர்க்கரை டப்பா, அதன் மேல் ஒரு ஸ்பூன். இந்த வீட்டில் டீயைச் சர்க்கரை போட்டுக் கலக்கித்தான் கொண்டுவருவது வழக்கம். "சக்கரை போடல மாமி," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், குரலில் ஒன்றும் இல்லை. தட்டத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தாள்.

ரஹ்மத் பீயின் கை ஸ்பூனுக்குப் போய்ப் பாதியில் திரும்பி மடியில் விழுந்தது. ஜான் பீ கையை நீட்டவே இல்லை. போட்டாலும் பேச்சு, போடாவிட்டாலும் பேச்சு என்பது போல இரண்டு பேரும் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயின் மேல் ஏடு படிய ஆரம்பித்தது. கடைசியில் ரஹ்மத் பீ தம்ளரை எடுத்து, அப்படியே, கசப்போடு ஒரு வாய் குடித்தாள். ஜான் பீயும் எடுத்துக் குடித்தாள்.

வஹிதா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் அள்ளித் தன் தம்ளரில் போட்டாள். யோசித்து, இன்னொரு ஸ்பூன் போட்டாள். போட்டுவிட்டுக் கலக்கத் தொடங்கினாள். சர்க்கரை கரைந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும். ஸ்பூன் தம்ளரில் மோதுகிற சத்தம் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது.